திரும்பி ஏற முடியாத பாதை: முதன்முறையாகக் கேன்யனிங் செல்பவருக்கு ஓர் அறிமுகம்

மலையிலிருந்து இறங்கும் ஓடையொன்று நெடுங்காலமாகப் பாறையை அறுத்து உண்டாக்கிய குறுகிய இடுக்கின் வழியாக, அந்த ஓடையின் போக்கிலேயே மேலிருந்து கீழே இறங்கி வருவதைக் கேன்யனிங் என்கிறார்கள். வழியில் முழங்கால் நீரில் நடக்கவும், மடுக்களை நீந்திக் கடக்கவும், நீர் தேய்த்து வழவழப்பாக்கிய பாறைச் சரிவுகளில் சறுக்கவும், ஆழம் போதுமான இடங்களில் குதிக்கவும், இவற்றில் எதுவும் இயலாத அருவிகளில் கயிற்றைக் கட்டி இறங்கவும் நேரிடும். மலையேற்றம், நீச்சல், குகைப் பயணம் ஆகிய மூன்றின் நுட்பங்களும் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் முதன்முறையாகச் செல்பவர் இவற்றில் தேர்ந்தவராக இருக்க வேண்டிய தேவை இல்லை. பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு செல்லும் தொடக்கநிலைப் பயணத்தில், கயிறு கட்டுவது முதல் நீரின் அளவைக் கணிப்பது வரை எல்லாம் அவருடைய வேலை.

இருந்தாலும், அந்த வழிகாட்டி ஏன் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்கிறார், ஏன் சில நாட்களில் போகவே மறுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை உண்மையை அறிந்திருக்க வேண்டும். கேன்யனிங் ஒருவழிப் பாதை. சாதாரண மலைநடையில் வானம் இருண்டாலோ கால் வலித்தாலோ வந்த வழியே திரும்பிவிடலாம். இங்கே முதல் அருவியில் இறங்கியதும், அடுத்த அருவியில் பயன்படுத்துவதற்காகக் கயிற்றைக் கீழிருந்து உருவி எடுத்துக்கொள்வார்கள். அந்த நொடியோடு மேலே ஏறும் வழி அடைபட்டுவிடும். இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். இடையில் வெளியேறும் தடங்கள் சில ஓடைகளில் உண்டு, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே நீரின் அளவு, வானிலை, குழுவினரின் உடல்நிலை, கருவிகள் ஆகியவை பற்றிய முடிவுகளை எல்லாம் முதல் அருவிக்கு முன்பே எடுத்தாக வேண்டும். இந்த விளையாட்டின் ஒழுங்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவைதாம்.

வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. பிரான்சின் வெர்டோன் பள்ளத்தாக்கை 1905-ஆம் ஆண்டில் ஆராய்ந்த குகை ஆய்வாளர் எதுவார்-ஆல்பிரெட் மார்தெல் போன்றவர்கள் அறிவியல் நோக்கோடு இத்தகைய இடுக்குகளுக்குள் இறங்கினார்கள். பின்னர் பிரான்சிலும், ஸ்பெயினின் சியெரா தெ குவாரா மலைப்பகுதியிலும் அது விளையாட்டாக வளர்ந்தது. இன்று ஐரோப்பாவில் தொடக்கநிலையாளர்கள் அதிகம் தேடிச் செல்லும் இடங்களுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகென். தூன், பிரியென்ஸ் ஆகிய இரண்டு ஏரிகளுக்கு இடையே அமைந்த இச்சிற்றூர், ஈழத்தமிழர் கணிசமாக வாழும் பெர்ன் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தொலைவில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள சாக்ஸெட்பாக் என்ற ஓடையில்தான் முதன்முறை செல்பவர்களை வழக்கமாக அழைத்துச் செல்கிறார்கள். இதே வட்டாரத்திலிருந்து செல்லக்கூடிய கிரிம்செல் பகுதியின் கருங்கல் இடுக்கு, உயரமான கயிற்றிறக்கத்தோடு தொடங்குவதால் அடுத்த படிநிலையாகக் கருதப்படுகிறது.

சாக்ஸெட்பாக்கை எளிமையான ஓடை என்று சொல்லும்போதே, அங்கு நடந்ததையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. 1999 ஜூலை 27 அன்று, மலையின் மேற்பகுதியில் இடியுடன் பெய்த கனமழையால் அந்த ஓடையில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. அப்போது வணிக நிறுவனம் ஒன்று அழைத்துச் சென்றிருந்த பெரிய குழு இடுக்குக்குள் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் 18 பேரும் வழிகாட்டிகள் 3 பேருமாக 21 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலரின் உடல்கள் பிரியென்ஸ் ஏரியில் கண்டெடுக்கப்பட்டன. 2001-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் சிலரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டித்தது. அந்த ஓடை அன்றும் எளிய ஓடைதான். நுழையக் கூடாத நேரத்தில் நுழைந்ததும், நுழைந்த பின் வெளியேற வழியில்லாமல் போனதுமே அதை மரணப்பொறியாக்கின. அதற்குப் பின்னர் சுவிட்சர்லாந்து, மலை வழிகாட்டிகளையும் ஆபத்துள்ள வெளிப்புற விளையாட்டுகளை நடத்துவோரையும் நெறிப்படுத்தத் தனியான கூட்டாட்சிச் சட்டம் ஒன்றை 2010-இல் இயற்றி, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டணம் பெற்றுக் கேன்யனிங் அழைத்துச் செல்வதற்கு அங்கே இப்போது அரசு உரிமம் வேண்டும். எல்லா நாடுகளிலும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை என்பதால், வேறிடங்களுக்குச் செல்பவர்கள், அழைத்துச் செல்பவருக்கு உரிமம் உண்டா என்ற கேள்வியைத் தாங்களே கேட்டாக வேண்டும்.

வெள்ளத்தின் ஆபத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலைமேல் பெய்த மழையால் அருவி பெருக்கெடுத்துக் குளிக்கத் தடை விதிக்கப்படுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அருவியின் அடியில் நிற்பவர் சில அடிகள் ஓடினால் கரை சேரலாம் என்பதும், பாறை இடுக்கின் நடுவில் நிற்பவருக்கு அந்தச் சில அடிகள் கிடையாது என்பதும்தான் வேறுபாடு. அகன்ற ஆற்றில் சற்றே உயரும் நீர், இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள இடுக்குக்குள் நுழையும்போது பல மடங்கு உயர்ந்துவிடும். ஓடும் நீரின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நேற்று முழங்கால் நீரில் நின்று சிரித்துப் பேசிய இடத்தில், இன்று அதைவிடச் சிறிதே அதிகமான நீரில் நிற்கவே முடியாமல் போவது இதனால்தான். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, ஓடையின் ஓசை கனப்பது ஆகியவை வெள்ளம் வருவதற்கான அறிகுறிகள். இவற்றைப் பார்த்த வழிகாட்டி மேட்டுக்கு ஏறச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் ஏறிவிட வேண்டும். விளக்கத்தை மேட்டில் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

மழை மட்டும்தான் காரணம் என்று எண்ணவும் கூடாது. ஆல்ப்ஸ் மலையின் பல ஓடைகளுக்கு மேலே நீர்மின் அணைகள் இருக்கின்றன. கிரிம்செல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மதகு திறக்கப்பட்டால் மேகமே இல்லாத நாளிலும் நீர் உயரும். ஆகவே அங்கே பணியாற்றும் வழிகாட்டிகள் வானிலை அறிக்கையோடு, அணை நீர் வெளியேற்றம் பற்றிய தகவலையும் அறிந்த பின்னரே குழுவை இறக்குகிறார்கள். பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகளுக்கு வேறொரு பழக்கம் உண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் காலையில் குறைந்திருக்கும் நீர் பிற்பகலில் கூடும். அத்தகைய ஓடையில் விடியற்காலைப் பயணத்துக்கு அழைக்கிறார்களே என்று முணுமுணுப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

அடுத்தது குளிர். ஆல்ப்ஸ் ஓடைகளில் நடுக்கோடையிலும் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸைச் சுற்றியே இருக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், அந்த நீரில் வெற்றுடம்போடு நிற்பவர் சில நிமிடங்களிலேயே விரல்களின் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்குவார். இதற்காகத்தான் நியோபிரீன் என்ற நுரைத்த செயற்கை ரப்பராலான வெட்சூட்டை அணியச் சொல்கிறார்கள். அந்த ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்களே உண்மையில் குளிரைத் தடுக்கின்றன. உடைக்குள் நுழையும் சிறிதளவு நீர் வெளியேறாமல் தங்கி, உடற்சூட்டால் வெதுவெதுப்பாகிவிடும். உடை தளர்வாக இருந்தால் அந்த நீர் ஓயாமல் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெட்சூட் இறுக்கமாக இருப்பதைக் குறையாகக் கருதித் தம் அளவைவிடப் பெரியதைக் கேட்டு வாங்குபவர்கள், இரண்டாவது மடுவிலேயே அதன் விளைவை உணர்வார்கள். உள்ளே நீச்சலுடை போதும். பருத்தி பனியன் நீரை உறிஞ்சிக் குளிரைக் கூட்டுவதால் அதைத் தவிர்க்க வேண்டும். அந்தக் குமிழ்கள் உடலை மிதக்கவும் வைக்கும் என்பது நீச்சலில் தயக்கமுள்ளவர்களுக்குக் கூடுதல் ஆறுதல்.

தலைக்கு ஹெல்மெட், இடுப்புக்குக் கயிற்றோடு உடலை இணைக்கும் பட்டையான ஹார்னஸ், கால்களுக்கு ஈரப்பாறையில் பிடிப்புள்ள காலணி ஆகியவற்றையும் பெரும்பாலும் நடத்துபவர்களே தருவார்கள். கேன்யனிங் ஹார்னஸின் பின்புறம் தடித்த பிளாஸ்டிக் விரிப்பொன்று தொங்குவதைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். பாறையில் அமர்ந்தபடி சறுக்கும்போது வெட்சூட்டும் தோலும் கிழியாமல் காப்பது அதுதான். நகைகள் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மோதிரம் பாறை வெடிப்பிலோ கயிற்றிலோ சிக்கினால் விரலையே இழக்க நேரிடலாம். கழுத்துச் சங்கிலி, வளையல், பெரிய காதணி எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டுச் செல்வது நல்லது. தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதை முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லி, வெட்சூட்டின் உட்புறம் அசையாதபடி பொருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். முடிவை அவரிடமே விடுவது சரி. நீண்ட கூந்தலைப் பின்னி வெட்சூட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். கயிற்றில் இறங்கும்போது, கயிறு ஊடுருவிச் செல்லும் உலோகக் கருவிக்குள் முடி இழுபட்டுவிட்டால் பாதி உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிடும் நிலை ஏற்படும். மூக்குக்கண்ணாடியைப் பின்னால் பட்டை கட்டி அணியலாம். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு குதிக்க எந்தப் பொறுப்புள்ள வழிகாட்டியும் அனுமதிக்க மாட்டார்.

கயிற்றில் இறங்குவதுதான் புதியவர்களை அதிகம் அச்சுறுத்துகிறது. ஆனால் வழிகாட்டியின் கட்டுப்பாடு மிகுதியாக உள்ள பகுதியும் அதுதான். தொடக்கநிலைப் பயணங்களில் பெரும்பாலும் வழிகாட்டியே மேலிருந்து கயிற்றைச் சீராக விட்டு உங்களை இறக்குவார், அல்லது நீங்கள் இறங்கும்போது வேறொரு வகையில் உங்களைக் காத்துக்கொண்டிருப்பார். நீங்கள் செய்ய வேண்டியது உடலின் நிலையைக் காப்பது மட்டுமே. கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, உள்ளங்கால் முழுவதும் பாறையில் படும்படி வைத்து, நாற்காலியில் அமர்வதுபோல் பின்புறமாகச் சாய வேண்டும். அச்சத்தில் பாறையை அணைத்துக்கொள்ளத்தான் உடல் முயலும். அப்படிச் செய்தால் பாதங்கள் வழுக்கி முழங்கால்கள் பாறையில் மோதும். சாய்ந்தவர் நிற்பார், ஒட்டியவர் வழுக்குவார். அருவி நேராகத் தலையில் விழும் இடத்தில் முகத்தைத் தாழ்த்தி முகவாயை மார்பை நோக்கி வைத்துக்கொண்டால், ஹெல்மெட்டின் விளிம்பு நீரைத் தடுத்து மூச்சுவிட இடம் தரும்.

பாறையேற்றப் பழக்கமுள்ளவர்கள் கேன்யனிங் கயிற்றின் நுனியைப் பார்த்துத் திடுக்கிடுவது உண்டு. மலையேறுபவர்கள் கயிற்றின் கடைசியில் முடிச்சுப் போடாமல் இறங்க மாட்டார்கள். கயிறு தீர்ந்து கீழே விழாமல் காப்பது அந்த முடிச்சுதான். பாயும் நீரில் அதே முடிச்சு உயிரைப் பறிக்கக்கூடும். அருவியின் அடியில் நீர் கொட்டிச் சுழலும் இடத்தில் ஒருவர் முடிச்சில் சிக்கி நின்றுவிட்டால், அவர் நீந்தி வெளியேறவும் முடியாது, மேலே வரவும் முடியாது. எனவே இங்கே கயிற்றின் நீளத்தை நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்குச் சரியாக அமைத்து, நுனியை முடிச்சில்லாமல் விட்டுவிடுகிறார்கள். இறங்குபவர் நீரைத் தொட்டதும் கயிறு தானாகக் கருவியிலிருந்து விடுபட, அவர் நீந்திச் செல்வார். மேலே கயிற்றைக் கட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. நடுவழியில் யாரேனும் சிக்கிக்கொண்டால், எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை மெல்ல நெகிழ்த்தி அவரைக் கீழே இறக்கிவிடும் வகையில் அதைக் கட்டுகிறார்கள். பார்வைக்குச் சாதாரண முடிச்சாகத் தெரியும் இந்த ஏற்பாட்டைக் கற்கத்தான் வழிகாட்டிகள் நீண்ட பயிற்சி எடுக்கிறார்கள்.

குதிப்பது இதற்கு நேர்மாறு. பார்க்க எளிது, காயங்கள் அதிகம் நேர்வது இதில்தான் என்று அனுபவமுள்ள வழிகாட்டிகள் புதியவர்களை எச்சரிப்பார்கள். 3 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் நீரைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். 5 மீட்டருக்கு அது 36 கிலோமீட்டர், 10 மீட்டருக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உடல் சற்றே பின்னால் சாய்ந்து விழுந்தாலும் முதுகெலும்பு அடியைத் தாங்க வேண்டிவரும். ஓடிவந்து தாவாமல், விளிம்பில் நின்று பார்வையை நேரே வைத்து ஓர் எட்டு முன்னால் எடுத்துவைப்பதே முறை. கால்களைச் சேர்த்து, முழங்கால்களைச் சிறிது மடக்கி, கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, பாதங்கள் முதலில் நீரைத் தொடும்படி விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வதற்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை. மடுவின் ஆழத்தை வழிகாட்டி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு வெள்ளம் போதும், போன வாரம் ஆழமாக இருந்த இடத்தில் பாறையையோ மரத்துண்டையோ கொண்டுவந்து கிடத்திவிடும். அருவி நேராக விழுந்து வெள்ளை நுரையாகப் பொங்கும் பகுதியில் குதிக்கக் கூடாது என்று காட்டுவார்கள். காற்று கலந்த அந்த நீரின் அடர்த்தி குறைவு என்பதால் உடல் எதிர்பார்த்ததைவிட ஆழமாக அமிழும், மேலே வருவதும் கடினம். குதிக்க மனமில்லாதவர்களைக் கயிற்றில் இறக்கிவிடப் பெரும்பாலான தொடக்கநிலை ஓடைகளில் வழி உண்டு. வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் குதிப்பவரைவிட, தெளிவாக மறுப்பவரோடு பணியாற்றுவதையே வழிகாட்டி விரும்புவார். கால்கள் நடுங்க அரைமனதோடு குதிப்பவர் பெரும்பாலும் விளிம்பில் வழுக்கித்தான் விழுவார்.

சறுக்குப் பாறைகளில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, முகவாயைத் தாழ்த்திப் படுக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க முழங்கையை நீட்டினால் அடிபடுவது அந்த முழங்கைதான். நடக்கும்போது காய்ந்த பாறையைவிடக் கருத்து மினுங்கும் பாறையையே அதிகம் சந்தேகிக்க வேண்டும். வேகமான நீர் இழுத்துச் சென்றால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து படுத்துப் பாதங்களை நீர் போகும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். நிற்க முயன்றால் கால் கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ள, நீரின் விசை உடலை முன்னோக்கிச் சாய்த்துத் தலையை அமிழ்த்திவிடும். அருவியின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் விசிலும் கைச்சைகையும்தான் மொழி. தொடக்கத்தில் வழிகாட்டி இவற்றைச் சொல்லித்தரும் பத்து நிமிடங்களில் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பவரை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

யார் போகலாம் என்ற கேள்விக்கு, படிகளில் ஏறி இறங்கச் சிரமப்படாத, நீரைக் கண்டு நிலைகுலையாத எவரும் போகலாம் என்பதே பொதுவான விடை. சில நிறுவனங்கள் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. நீந்தத் தெரியாததை மறைத்துவிட்டுச் செல்வது முட்டாள்தனம். இதய நோய், வலிப்பு நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பிணிகளும், அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் தவிர்க்க வேண்டும். தோள்மூட்டு அடிக்கடி விலகும் தொல்லை உள்ளவர் அதை வழிகாட்டியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குதிக்கும்போது விரிந்த கை மீண்டும் விலகினால், நடுவில் வெளியேற வழியில்லாத ஓடையில் மொத்தக் குழுவின் பயணமும் மீட்புப் பணியாக மாறிவிடும்.

ஓடைகளின் கடினத்தைக் குறிக்கப் பிரெஞ்சு முறையொன்று பரவலாக வழங்குகிறது. ‘வி’ என்ற எழுத்துடன் வரும் எண் செங்குத்து இறக்கங்களின் கடினத்தையும், ‘ஏ’ என்ற எழுத்துடன் வரும் எண் நீரின் கடினத்தையும் 1 முதல் 7 வரை சொல்கின்றன. அவற்றுக்குப் பின் வரும் ரோமன் எண், பயணத்தின் நீளத்தையும் வெளியேறும் வழிகள் எவ்வளவு அரிதானவை என்பதையும் ஒன்று முதல் ஆறு வரை குறிக்கிறது. புதியவர்கள் முதல் இரண்டு எண்களையே கவனிப்பார்கள். நான் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். சிறிய அருவிகள் மட்டுமே உள்ள ஓடையானாலும், நுழைந்தபின் பல மணி நேரம் வெளியேற வழியில்லை என்றால் அது முதல் பயணத்துக்கு ஏற்றதன்று. இந்த எண்கள் எல்லாமே நீர் வழக்கமான அளவில் இருக்கும்போது மதிப்பிடப்பட்டவை. நீர் கூடினால் அவை பொருளிழந்துவிடும்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவற்றுள், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவருக்கு அந்த நாட்டில் செல்லுபடியாகும் சான்றிதழ் உண்டா, இடையில் வெளியேறும் தடங்கள் உள்ளனவா என்பவற்றோடு, வானிலையால் பயணத்தை நிறுத்தினால் கட்டணம் என்னவாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தரும் நிறுவனத்தில், மழைமேகத்தைக் கண்ட வழிகாட்டி தயங்காமல் நிறுத்துவார். ஒவ்வொரு ரத்தும் தன் ஊதியத்தைக் கரைக்கும் என்ற நிலையில் உள்ள வழிகாட்டிக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. பயணக் காப்பீட்டை எடுத்து வைத்திருப்பவர்கள் அதன் விதிகளில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டுள்ளனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். பல காப்பீடுகளில் விலக்கப்பட்டிருக்கும், அப்படியானால் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். பயணத்தன்று இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மிதமாகச் சாப்பிட்டுவிட்டு, முந்தைய இரவு மது அருந்தாமல், மாற்றுடையும் துண்டும் எடுத்துக்கொண்டு சென்றால் போதும். மற்ற கருவிகளை அங்கே உங்கள் அளவுக்குப் பார்த்துத் தருவார்கள்.